விளையாட்டுக் கணினி: பழைய கணக்கு இனி செல்லாது

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “கேமிங் கணினி வேண்டும். உதிரிகளைத் தனித்தனியாக வாங்கி நானே பொருத்திக்கொள்கிறேன், செலவு குறையும்.” யூடியூப் பார்த்து எழுதிய பட்டியலும் தயாராக இருக்கும். ஆனால் பழைய பட்டியலோடு கடைக்குப் போகும் பெற்றோர் திகைத்து நிற்கிறார்கள். தொகை சில நூறு வெள்ளி கூடிவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. உண்மையான காரணம் கடைக்கு வெளியே இருக்கிறது.

விலை ஏறியதில் முதலிடம் ரேம் எனப்படும் நினைவகத்துக்கு. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நல்ல விலை கொடுத்து வாங்குவதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2025 இறுதியில் டி.டி.ஆர்.5 ரேமின் விலை சில மாதங்களில் இரு மடங்கைத் தாண்டியது. பினாங்கிலும் மூவாரிலும் ஆலை நடத்தும் மைக்ரோன், பொதுமக்களுக்கு விற்றுவந்த ‘குருஷியல்’ வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எண்ணெய்ப்பனை நின்ற கூலாய், செடெனாக் பகுதிகளில் இன்று எழும் தரவு மையங்களுக்கும், மகன் கேட்கும் ரேமின் விலைக்கும் தொடர்பு உண்டு.

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. சுமாரான ஒரு விளையாட்டுக் கணினியே அதை முழுதாக விழுங்கிவிடும். ஆகவே எந்த உதிரியில் பணத்தைப் போடுவது என்பது குடும்பத்தின் கணக்கு. முன்பெல்லாம் ரேமைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இன்று கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏ.எம்.டி.யின் புதிய ஏ.எம்.5 தாய்ப்பலகை டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். பழைய ஏ.எம்.4 பலகைக்கு டி.டி.ஆர்.4 போதும். இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை இரண்டு வகைப் பலகையும் உண்டு. ஒன்றுக்குரிய ரேம் மற்றதில் பொருந்தாது. டி.டி.ஆர்.4 விலையும் ஏறியிருக்கிறது என்றாலும், வீட்டிலோ உறவினரிடமோ பழைய மேசைக் கணினியில் அந்த ரேம் இருந்தால் அதுவே பெரிய மிச்சம். அப்படி இருப்பவர்கள் ரைசன் 5 5600 போன்ற ஏ.எம்.4 செயலியைச் சுற்றித் திட்டமிடுவது சிக்கனம்.

அடுத்த கேள்வி, பிள்ளை எந்த விளையாட்டை ஆடப்போகிறான்? வேலோரன்ட், டோட்டா 2 போன்றவற்றுக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி போன்ற செயலியோடு தொடங்கி, அட்டையைப் பிறகு சேர்க்கலாம். அப்படித் தொடங்குவோர் 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டாக ரேம் போட்டால் வேகம் கூடும். இன்டெல் செயலிப் பெயரின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அட்டை இல்லாமல் திரையில் படமே வராது.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் மின்வழங்கி. பெட்டியின் விளக்கு அலங்காரத்துக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே போடலாம். பெயர் தெரியாத மலிவு மின்வழங்கி பழுதானால் மற்ற உதிரிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.

அலுவலகங்கள் கழித்த பழைய கணினியை வாங்கி, அதில் அட்டை பொருத்துவது இன்னொரு வழி. இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 11இல் வேலோரன்ட் ஆட டி.பி.எம். 2.0 பாதுகாப்பும் வேண்டும். விலை மலிவு என்று ஆறாம் தலைமுறைக் கணினியை வாங்கி வந்தால், ஆசைப்பட்ட விளையாட்டே ஓடாமல் போகலாம்.

லோயாட் பிளாசாவுக்கு நேரில் போக முடியாத தோட்டப்புறக் குடும்பங்கள் இணையம் வழி வாங்குகின்றன. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு வரி உண்டு. அதையும் சேர்த்தே உள்ளூர் விலையோடு ஒப்பிட வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய பொருளின் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வோர் உதிரிக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம். பழுதான பொருளைக் கடை மாற்றித் தர மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை.

விலை எப்போது இறங்கும் என்று காத்திருப்பதைவிட, இருப்பதைக் கொண்டு தொடங்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே இப்போதைக்கு நல்லது. தவணையில் வாங்கிய பளபளப்பான கணினிக்கு மாதாமாதம் கட்ட வேண்டியவர் அப்பாதான். கையில் உள்ள பணத்துக்குள் கட்டிய சாதாரணக் கணினியில் விளையாட்டும் ஓடும். கல்லூரிப் பாடமும் ஓடும்.