இழுத்தால் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பெரியவர்களைக் கேட்டால் ஒரு வேடிக்கை சொல்வார்கள். அந்த ஊர் நெடுஞ்சாலைகளில் வீடுகள் ஓடுமாம்! வாஸ்தவந்தான். சமையல் அறை, படுக்கை, ஸ்நான அறை எல்லாம் அடங்கிய வீடு ஒன்று சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு பிக்கப் லாரி இழுத்துக்கொண்டு போகும். ஓட்டுகிறவருக்கு வயது அறுபத்தைந்துக்குக் குறையாது; பக்கத்தில் அவருடைய சம்சாரம். உத்தியோகம் முடிந்ததும் நாம் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் கிளம்புகிறோம் அல்லவா? அவர்கள் மலைகளையும் காடுகளையும் பார்க்க வீட்டோடு கிளம்புகிறார்கள். இந்த வண்டி வீடுகளில் பெரும்பகுதி இந்தியானா மாகாணத்தில் எல்கார்ட் என்ற ஊரைச் சுற்றியே தயாராகிறது.

வீட்டை வாங்கிவிடலாம், அதை இழுக்கிற மாட்டை வாங்குவதுதான் கஷ்டம். புதிய டீசல் பிக்கப் ஒன்றின் விலை 60,000 டாலரைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆயுட்காலச் சேமிப்பை அப்படியே தூக்கிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? எனவே, பழைய வண்டி தேடிப் புறப்படுகிறார்கள்.

டீசல் என்ன அவ்வளவு உசத்தி? பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகிறது. 1897-ல் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலோ, காற்றை நசுக்குகிற நசுக்கில் உண்டாகும் சூடே எண்ணெயைப் பற்ற வைத்துவிடும். அந்த நசுக்கலைத் தாங்க வேண்டுமே என்று உறுப்புக்களைக் கனமாகச் செய்கிறார்கள். அதனால் ஆயுசு கெட்டி. குறைந்த வேகத்திலேயே இழுவை அதிகம். கொலராடோவில் ஐசனோவர் சுரங்கப் பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று லேசாகி, சாதாரண எஞ்சின்களுக்கு மூச்சு வாங்கும். காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ பொருத்திய டீசல் அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும்.

இந்தப் பெருமையையெல்லாம் கேட்டுவிட்டு, "இது 15,000 பவுண்டு இழுக்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கேதான் நம் ஊர் வண்டிக்காரரைக் கொஞ்சம் கேட்டிருக்க வேண்டும்!

பாரம் ஏற்றும்போது அவர் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார். பின்னால் கனத்தால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் கனத்தால் மாட்டின் கழுத்து ஒடிந்துபோகும். மாடு இழுக்கிறது ஒரு கணக்கு. கழுத்தில் சுமக்கிறது வேறொரு கணக்கு. லாரிக்கும் அதே சாஸ்திரந்தான். பின்புறக் கொக்கியில் மாட்டுகிற வண்டி வீடானால், அதன் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் பின்னால் வருகிற வீடு பாம்புபோல் நெளிய ஆரம்பித்துவிடும். லாரித் தொட்டியின் நடுவே மாட்டும் பெரிய வீடானால் ஏறக்குறைய இருபது பங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு 12,000 பவுண்டு. அதில் இருபது பங்கு 2,400. மாட்டுகிற அமைப்பு 150. கணவனும் மனைவியும் சேர்ந்து 350. கருவிப் பெட்டியும் நாய்க்குட்டியும் 200. ஆக 3,100 பவுண்டு லாரியின் முதுகில்! ஆனால் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டியிருக்கும் சீட்டு, "ஆளும் சாமானும் சேர்ந்து 2,300 பவுண்டுக்கு மேல் கூடாது" என்று சொல்லக்கூடும். இழுக்க வலு இருக்கிறது. சுமக்க முதுகு இல்லை. அந்தச் சீட்டு இல்லாத பழைய வண்டியா? மொத்த எடை வரம்பைக் கதவுத் தகட்டில் பார்த்து, வண்டியை எடை மேடையில் நிறுத்திக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு விசித்திரம்: 'முக்கால் டன்' என்ற ரகத்தில் பல வண்டிகளுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடச் சில நூறு பவுண்டு கனம். எஞ்சின் கனத்தால் அந்த அளவுக்குச் சுமை குறைகிறது! இதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பெரிய வீட்டுக்கு 'ஒரு டன்' ரகமாகப் பார்க்கிறார்கள்.

சரி, எந்த வருஷத்து மாடு நல்லது? போர்டு கம்பெனியின் 7.3 லிட்டர் டீசல் 2003-வரை வந்தது. கெட்டியென்று பெயர் எடுத்தது. அதற்குப் பிறகு வந்த 6.0 லிட்டருக்கு அந்தப் பெயர் இல்லை. கூலர், கேஸ்கட் என்று செலவு வைத்தது. டாட்ஜ் வண்டிகளில் 2007-வரை வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் மூன்று லட்சம் மைலுக்கும் அஞ்சாதது. "எஞ்சின் இருக்கும், சுற்றியிருக்கிற வண்டிதான் உதிர்ந்துபோகும்" என்று அங்கே கேலி செய்வார்கள். 2007-க்குப் பிறகு புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், 2010-ஐ ஒட்டி யூரியாத் திரவமும் சேர்ந்தன. காற்றுக்கு நல்லது, பழுது பார்க்கச் செலவு. "அதையெல்லாம் கழற்றிவிட்டேன், ஸார்!" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டும். அது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம்.

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார். லாரிக்கும் சுழி உண்டு. போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் தகராறு செய்வதை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் துவாரத்தின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். காற்று அதைத் தூக்கி எறிந்தால் உள்ளே ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மிஷிகன், ஒஹாயோ போன்ற பனிப் பிரதேசங்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கும். அரிஜோனாவின் வறண்ட வெயிலில் இருந்த வண்டியானால் இரும்பு பிழைத்திருக்கும். 17 எழுத்துக்களும் எண்களும் கொண்ட அடையாள எண்ணைக் கொடுத்து வெள்ளத்தில் மூழ்கியதா, விபத்தில் நொறுங்கியதா என்று விசாரித்துக்கொள்ளலாம்.

இறக்கத்தையும் மறக்கக்கூடாது. டீசல் எஞ்சினுக்கு வேகத்தைத் தானாகப் பிடித்து நிறுத்தும் குணம் குறைவு. புகைபோக்கியை அடைத்து எஞ்சினையே பிரேக்காக்கும் சாதனம் ஒன்று உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் அதைத் தனியாகப் பொருத்த வேண்டும். மேட்டில் வண்டி நின்றால் மானந்தான் போகும்; பள்ளத்தில் நிற்காவிட்டால்?

கையிருப்புப் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுக்காமல், நாலில் ஒரு பங்கையாவது பையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இன்ஜெக்டர் வரிசை ஒன்றை மாற்றினாலே சில ஆயிரம் டாலர் பறந்துவிடும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழலாமா? வீடு 5,000 பவுண்டுதான், வருஷத்துக்கு மூன்று பிரயாணந்தான், அதுவும் சமவெளியில் என்றால் டீசலே வேண்டியதில்லை. நம் நாட்டைப் போலன்றி அங்கே டீசல் பெரும்பாலும் பெட்ரோலைவிட விலை அதிகம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆகவே முதலில் வீட்டின் எடை, பிறகு முதுகின் வலு, கடைசியில்தான் விலை. விலையில் ஆயிரம் டாலர் குறைத்து வாங்கியவர் கெட்டிக்காரர்தான். மலை இறங்கும்போது பக்கத்தில் இருக்கும் சம்சாரம் நிம்மதியாகத் தூங்கும்படி வாங்கியவரோ, அவரைவிடக் கெட்டிக்காரர்!