கரண்ட் நின்றால் ஆலை நிற்கும்... கரண்ட் வந்தால் ஆபத்து! விருதுநகர் மாவட்டத்தின் இரண்டு முகங்கள்

தீபாவளிக்கு நாட்டுக்கே ஒளி கொடுக்கும் பட்டாசுக்கு மருந்து கலக்கும் அறையில் சாதாரண பல்பு ஒன்றுகூட எரியாது. அதே விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஆலங்குளத்திலோ, கரண்ட் இல்லையென்றால் சிமெண்ட் ஆலை ஒரு நிமிஷம்கூட ஓடாது. ஏன் இப்படி?

முதலில் வந்தது எங்கே?

சென்னையில்தான். 1895-லேயே அங்கு மின்சார டிராம் ஓடியது. லண்டனிலேயே அப்போது குதிரைகள்தான் டிராம் இழுத்துக்கொண்டிருந்தன. ஆனால் நகரத்தைத் தாண்டி மின்சாரம் போக பல ஆண்டுகள் ஆனது.

தெற்கே வந்தது எப்படி?

தண்ணீர்தான் வழி. 1932-ல் நீலகிரியில் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் தாமிரபரணியில் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் வந்தன. 1957 ஜூலையில் மின்சார வாரியம் உருவானது. விருதுநகரில் பிறந்த காமராஜர் அப்போது முதல்வர். கிராமங்களுக்கு மின்கம்பிகள் வேகமாகப் போயின. மாடு கட்டி கமலை இறைத்த கரிசல் கிணறுகளில் பம்புசெட் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஆலங்குளத்தில் என்ன நடந்தது?

தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. இது வேற ஊர். இங்கே 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லை உடைக்கணும், அரைக்கணும், பிரம்மாண்ட உலையைச் சுழற்றணும். எல்லாத்துக்கும் மின்சாரம்தான் வேணும். உலையை நினைத்த நேரத்தில் நிறுத்தவும் முடியாது. அதனால் ராத்திரியும் வேலை நேரமானது.

சிவகாசியிலும் அதே கதைதான். காலண்டர், டைரி அச்சடிக்கும் ஆஃப்செட் இயந்திரங்கள் மின்சாரத்தை நம்பித்தான் ஓடுகின்றன. 2012-ல் சென்னையில் 2 மணி நேர மின்வெட்டு இருந்தபோது, வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனது. தொழில் ஊர்கள் தவித்துப்போயின.

பட்டாசு அறைக்குள் ஏன் இல்லை?

ஒரு சின்னத் தீப்பொறி போதும். ஸ்விட்ச் போடும்போது வரும் பொறிகூட மருந்தைப் பற்றவைக்கும். உடம்பில், துணியில் சேரும் நிலைமின்சாரமே ஆபத்து. அதனால்தான் நைலான் வேண்டாம், பருத்தி உடைதான் வேண்டும் என்கிறார்கள். உள்ளே நுழையும்முன் உலோகத் தகட்டைத் தொட்டு அந்த மின்சாரத்தை நிலத்தில் இறக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பொறி வெளியே வராத சிறப்பு விளக்குகள் உண்டு. ஆனால் அவற்றின் விலை அதிகம். எனவே பெரும்பாலும் சூரியன்தான் விளக்கு.

தொழிலாளிக்கு என்ன பாதிப்பு?

பலருக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. மழை பெய்தால் மருந்து காயாது, வெளிச்சமும் போதாது. அன்றைய சம்பளம் போச்சு. கோடையில் ஃபேன் இல்லாத அறையில் வெந்துபோகணும். சூடும் உராய்வும் சேர்ந்தால் விபத்து. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்ததை ஊர் மறக்கவில்லை.

2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அதனால் சாயங்காலம் வீடு திரும்பும் தொழிலாளிக்கு ஃபேன் காற்று கிடைக்கிறது. வேலை செய்யும் அறையில் பாதுகாப்பான வெளிச்சமும் காற்றோட்டமும் எப்போது கிடைக்கும் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.