இந்த வயதில் எதற்கு?
- மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவி

நம் கல்லூரிக்கு நான் வந்த முதல் நாள், வகுப்பிலிருந்த அனைவரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் போய் அமர்ந்த பிறகுதான் உண்மை விளங்கிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குற்றமில்லை. ஆனால் அன்று முதல் இரண்டு பேச்சுகளை ஓயாமல் கேட்டு வருகிறேன். ஒன்று, "இந்த வயதிலும் படிக்கிறாரே!" என்னும் பாராட்டு. மற்றொன்று, "இந்த வயதில் எதற்கு?" என்னும் கேள்வி. கேள்வியாவது பதிலை எதிர்பார்க்கிறது. பாராட்டு அதையும் எதிர்பார்ப்பதில்லை.

பாராட்டுகிறவர்கள், நான் ஏன் பதினெட்டு வயதில் இங்கே வரவில்லை என்று கேட்டதே கிடையாது. 1978இல் நம் மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் அணியைச் சேர்ந்தவள் நான். 1980இல் தேறினேன். இதே கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தை வாங்கி, நிரப்பி, பரணில் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த வாரமே செவிலியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே விடுதி உண்டு; மாத உதவித்தொகையும் உண்டு. தறி நெய்து ஐந்து வயிறுகளுக்குச் சோறு போட்ட என் தந்தையார் அதற்கு மேல் என்ன யோசிப்பார்? "நீ நர்சாயிட்டா தங்கச்சிங்க ரெண்டு பேரும் படிச்சிருவாங்கம்மா" என்றார். அப்படியே நடந்தது. இருவரும் இந்தக் கல்லூரியில்தான் பட்டம் பெற்றார்கள். கட்டணத்துக்கு மணியார்டர் அனுப்பியவள் நான். இதில் எனக்கு மனக்குறையே இல்லை என்று எழுதினால் அது பொய்.

1984 முதல் 2022 வரை அரசு மருத்துவமனைகளில் பணியாற்றினேன். 58 வயதில், 2020 ஜூனில், வீடு திரும்பியிருக்க வேண்டியவள். அதற்கு முந்திய மாதம்தான் ஓய்வு வயது 59 ஆயிற்று. மறு ஆண்டு 60 ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளும் கொரோனா வார்டில் கழிந்தன. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

வரலாற்றை ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் மே 12 அன்று விளக்கேற்றி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் உறுதிமொழி எடுத்தவர்கள் நாங்கள். அவர் கையிலிருந்த விளக்கைத்தான் எங்களுக்குக் காட்டினார்கள். போரில் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்த படைவீரர்களே மிகுதி என்று கணக்கிட்டு, 1858இல் அதைப் படமாக வரைந்து அரசினர் முன் வைத்தவர் அவர் என்பதை நம் கல்லூரி நூலகத்தில்தான் படித்தேன். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமலே இந்நாட்டின் சுகாதாரம் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியவர் என்பதும் எனக்குப் புதிது. என் பதிவுச் சான்றிதழில் உள்ள எண், 1926ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் ஒன்றின் வழியே வந்தது என்பதையும் ஓய்வு பெற்ற பிறகே அறிந்தேன். நாங்கள் வேலையைக் கற்றோம். அது எங்கிருந்து வந்தது என்பதை யாரும் கற்பிக்கவில்லை. கற்பிக்க நேரமும் இல்லை. பயிற்சி மாணவிகளாக இருந்தபோதே இரவு வார்டு எங்கள் பொறுப்பில்தான் இருக்கும்.

அனுபவம் இருந்தால் படிப்பு எளிது என்று எண்ணிவிடாதீர்கள். முதல் உள்தேர்வில் 25க்கு 11 மதிப்பெண் வாங்கினேன். பக்கக் கணக்கில் எழுத வேண்டிய விடைக்கு ஐந்து வரிதான் எழுதியிருந்தேன். என் மகன் வயதுடைய பேராசிரியர் தாளைத் திருப்பித் தந்து, "அம்மா, இது டியூட்டி ரிப்போர்ட். கட்டுரை இல்லை" என்றார். சரியாகத்தான் சொன்னார். கண்டதை மட்டும், கண்ட நேரத்துடன் எழுதிப் பழகிய கை இது. ஒன்று மட்டும் தோன்றியது: காணாததையும் மூன்று பக்கத்துக்கு எழுதும் என் இளைய தோழர்கள், இரண்டு இரவாவது வார்டில் ரிப்போர்ட் எழுதிப் பார்க்கலாம்.

இனி, என்னை உறுத்திய கேள்வி. "உங்கள் இடத்தில் ஓர் ஏழைப் பிள்ளை படித்திருக்குமே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் அருகில் அமரும் பெண் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெற்றுப் படிக்கிறாள். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அதுதான். எனக்கோ ஓய்வூதியம் உண்டு. அதுவும் 2003க்கு முன் பணியில் சேர்ந்ததால் கிடைத்த பழைய முறை ஓய்வூதியம். என் ஓய்வு நேரமே அது தந்ததுதான். அவளைப் போன்ற ஒருத்தியின் இடத்தை நான் பறித்திருந்தால் இங்கே உட்காரக் கூசியிருப்பேன். ஆகவேதான் கடைசிச் சுற்றுக் கலந்தாய்வு முடியும்வரை காத்திருந்து, பிறகே அலுவலகத்தில் விசாரித்தேன். வரலாற்றில் ஆறு இடங்கள் மீந்திருந்தன. ஒன்றில் நான் சேர்ந்தேன். மற்ற ஐந்தும் அந்த ஆண்டு முழுதும் காலியாகவே கிடந்தன.

அந்த ஐந்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் சத்துணவு அமைப்பாளர்கள் இருக்கிறார்கள், பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்த பெண்கள் இருக்கிறார்கள், என்னோடு பணியாற்றிய செவிலியர் நால்வர் இருக்கிறார்கள். இடம் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? கலந்தாய்வு முடிந்த மறுநாள், மீந்த இடங்களின் எண்ணிக்கையை எழுதி, "வயது கருதாமல் விசாரிக்கலாம்" என்னும் ஒரு வரியையும் சேர்த்துக் கல்லூரி வாயிலில் ஓர் அறிவிப்பு வைக்க வேண்டுமென்று முதல்வர் அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அறிவிப்புப் பலகைக்கு ஆகும் செலவை நானே தருவதாகவும் அதில் எழுதியுள்ளேன். ஜூன் மாதம் வருகிறது.