சலவைக்கல் மேடைக்குப் புளி ஆகாது!

வீடு கட்டுகிற எல்லோருக்கும் ஓர் ஆசை வருகிறது. சமையல் அறை வெள்ளை வெளேர் என்று இருக்கவேண்டும். மேடைக்கு மார்பிள் என்னும் சலவைக்கல் போடவேண்டும்!

கடைக்காரர் கல்லைத் தடவிக் காட்டுகிறார். கண்ணாடி போல மின்னுகிறது. பணம் கைமாறுகிறது. வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். ஆறு மாதம் போகிறது. மேடையில் வட்டம் வட்டமாக மங்கல். கழுவினாலும் போகவில்லை. தேய்த்தாலும் போகவில்லை. "ஒழுங்காகத் துடைத்தால்தானே!" என்று பழி வேலைக்கார அம்மாள் தலையில் விழுகிறது.

பாவம், அவள் என்ன செய்வாள்? கல்லை அரித்தது புளி.

சுண்ணாம்பின் உறவு

சலவைக்கல் என்பது என்ன? சுண்ணாம்புக்கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து மாறியது. தாஜ்மகாலைக் கட்ட ராஜஸ்தானில் உள்ள மக்ரானாவில் இருந்து வந்த கல்லும் இதே இனம்தான்.

சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஆகாது. புளித்தண்ணீர், எலுமிச்சஞ்சாறு, தயிர், மோர், தக்காளி, வினிகர் எல்லாம் புளிப்பு. இவை பட்டதும் கல்லின் மேல்புறம் சிறிது கரைகிறது. கரைந்த இடத்தில் பளபளப்பு இல்லை. அதுதான் அந்த வட்ட மங்கல். அது கறை அல்ல. கறையாக இருந்தால் எடுக்கலாம். கல்லே அரிந்த பிறகு எதை எடுப்பது?

தமிழர் வீட்டில் புளி இல்லாத நாள் உண்டா? காலையில் சட்னி, மத்தியானம் ரசம், இரவில் மோர்! வெள்ளிக்கிழமை வந்தால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். அதையும் மேடை மேல் வைத்தே தேய்க்கிறார்கள். உள்ளதைச் சொன்னால், நம் சமையலுக்குச் சலவைக்கல் ஏற்றது அல்ல. கிரானைட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கல்லை விற்கிறவர்கள் இதை முதலிலேயே சொல்லவேண்டும். சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

"எங்கள் வீட்டில் கறுப்புக் கடப்பைக்கல்தானே" என்று இருந்துவிடவும் கூடாது. கடப்பைக்கல்லும் சுண்ணாம்புக்கல் இனமே. சந்தேகமாக இருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சஞ்சாறு விட்டுப் பார்க்கலாம். பத்து நிமிஷம் கழித்துத் துடைத்தால் தெரிந்துவிடும்.

தினமும் செய்யவேண்டியது

வேலை அதிகம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டுகள் போதும். எலுமிச்சை கலந்த சோப்பு மட்டும் வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்து, ஈரம் போக உலர்த்தவேண்டும். புளித்தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்கவேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்பது இங்கே செல்லாது.

மணல், சாம்பல், கம்பி நார் கூடாது. கடினத்தை அளக்க 1 முதல் 10 வரை ஒரு கணக்கு உண்டு. வைரம் 10. மணல் 7. சலவைக்கல் சுமார் 3. மணல் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியது இல்லை. காய் நறுக்கப் பலகை வேண்டும். இரும்புச் சட்டியை ஈரத்தோடு வைத்தால் துருக்கறை பிடிக்கும்.

எண்ணெய்க் கறைக்கு ஒரு வழி இருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் தோசை மாவு போலக் குழைத்து, கறை மேல் அப்பவேண்டும். பாலிதீன் தாளால் மூடி ஒரு நாள் விடவேண்டும். பிறகு காயவிட்டு வழித்து எடுத்தால் எண்ணெயைச் சோடா இழுத்திருக்கும். முழுவதும் போகாவிட்டால் இன்னொரு தடவை. தாஜ்மகாலில் படிந்த அழுக்கையும் 1994-ம் ஆண்டு முதல் பல தடவை இப்படித்தான் எடுத்தார்கள். அங்கே அப்பியது முல்தானி மட்டி. பெண்கள் முகத்துக்குப் பூசுகிற அதே மண்!

மஞ்சள் கறைக்கு வெயில் நல்ல மருந்து. ஜன்னல் வெயில் விழுகிற மேடையில் மஞ்சள் நாளடைவில் மங்கிவிடும்.

கல்லுக்குப் பூசும் சீலர் என்ற மருந்து கறை உள்ளே இறங்காமல் தடுக்கும். புளிப்பைத் தடுக்காது. "சீலர் பூசிவிட்டோம், இனிப் பயம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மங்கிப்போன கல்லுக்குத் திரும்பவும் பாலிஷ் போடுவதுதான் வழி.

ஆசிட் வேண்டவே வேண்டாம்!

கறை போகவில்லை என்றதும் சிலர் ஆசிட் பாட்டிலைத் திறக்கிறார்கள். மேடை பொங்கி நுரைக்கிறது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். கல்லின் தோல் அல்லவா போகிறது!

கல் போனால் போகட்டும். உயிர்?

ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் போடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். 1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியம் போர்க்களத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவியது இந்த வாயுவைத்தான்! சமையல் அறை சிறியது. ஜன்னல் மூடி இருக்கும். குனிந்து தேய்க்கிறவள் முகத்துக்கு நேரே வாயு வருகிறது. பெரும்பாலும் அவள் கூலிக்கு வேலை செய்கிறவள். பாட்டிலில் என்ன எழுதி இருக்கிறது என்று அவளுக்கு யாரும் படித்துச் சொல்வது இல்லை.

ஆசிட்டை இஷ்டம்போல் விற்கக்கூடாது என்று 2013-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்பாடு விதித்தது. முகத்தில் ஆசிட் வீசும் கொடுமையைத் தடுக்க வந்த உத்தரவு அது. கக்கூஸ் கழுவும் திரவங்களில் ஆசிட் இன்றும் இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்து, "மேடையையும் அப்படியே தேய்த்துவிடு" என்று சொல்வது வீட்டுக்காரர்தான். சொல்லாமல் இருப்பதும் அவர் கையில் இருக்கிறது.

தவறி இரண்டும் கலந்துவிட்டால், தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்கேயே நிற்கக்கூடாது. உடனே எல்லோரும் வெளியே வந்துவிடவேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ கண் எரிச்சலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வாயு கலையும்வரை அந்த அறைக்குள் குழந்தைகளை விடக்கூடாது.