முள்காடு என்றால் தரிசா?

குயில் என்றதும் அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் திருட்டுப் பறவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நம்மூர் செம்போத்தும் குயில் குடும்பம்தான். தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கிறது. மடகாஸ்கரின் கூவா பறவைகளும் அப்படியே. உலகில் வேறெங்கும் கூவா கிடையாது.

அவற்றில் ஒன்று 'ஓடும் கூவா'. கண்ணைச் சுற்றி நீலத் தோல். தீவின் வறண்ட தென்மேற்கு முள்காட்டில் தரையில் ஓடியோடி இரை தேடும் பறவை இது.

அந்தக் காட்டைத்தான் தரிசு என்று ஒதுக்குகிறார்கள்! மரங்கள் கரியாகித் துலியாரா நகர அடுப்புகளுக்குப் போகின்றன. வெட்டி எரித்த இடத்தில் மக்காச்சோளம். இந்தக் காடு மெதுவாக வளர்வது. அழித்தால் எளிதில் திரும்பாது.

"ஐ.யு.சி.என். பட்டியலில் ஓடும் கூவா ஆபத்தில் இல்லையே, பிறகென்ன கூச்சல்?" என்பார்கள். அந்தப் பட்டியல் சொல்வது இனம் இன்று அழியும் நிலையில் இல்லை என்பதை மட்டும்தான். காட்டை வெட்டலாம் என்று அது அனுமதி தரவில்லை. நத்தை தின்னும் கூவா என்ற உறவினம் 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. இன்று அருங்காட்சியகப் பெட்டிகளில்தான் அதைப் பார்க்கலாம்.

கரி சுடும் ஏழையைத் திட்டிப் பயனில்லை. மழை பொய்த்தால் அவனுக்குக் கரிமூட்டம்தான் சோறு. காட்டுக்கு வெளியே விறகுத் தோப்பு, கரி குறைவாகக் குடிக்கும் அடுப்பு, வறட்சி தாங்கும் பயிர்... இவற்றைக் கொடுக்காமல் வெறும் தடை போடுவது கையாலாகாத்தனம். பசுமையாக இருந்தால்தான் காடு என்ற எண்ணம் முதலில் ஒழியட்டும்!