தோத்துப்போன 4ஜி-க்கு 13 மார்க்

போன செமஸ்டர் வயர்லெஸ் இன்டர்னல்ல ஒரு கேள்வி: வைமேக்ஸ் கட்டமைப்பைப் படத்தோட விளக்கணும், 13 மார்க். நானும் நாலு பக்கம் எழுதினேன். பேப்பர் திருப்பிக் கொடுத்தப்போ 11 போட்டிருந்தாங்க. ரூம்மேட் கேட்டான், "மச்சி, வைமேக்ஸ் இருக்கற ஃபோனை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?" பார்த்ததில்ல. அவனும் பார்த்ததில்ல.

அப்புறம் தேடிப் படிச்சேன். தோத்துப்போன டெக்னாலஜியைப் படிக்கறதுல தப்பே இல்ல. அது ஏன் தோத்ததுன்னு கேட்காமலே பாஸ் ஆகறதுதான் நமக்கு நஷ்டம்.

கதை இதுதான். மொபைல் வைமேக்ஸுக்கான 802.16இ தரநிலைக்கு 2005 டிசம்பர்ல ஒப்புதல் கிடைச்சது. பின்னால நின்னது இன்டெல். லேப்டாப்ல வைஃபையைப் பரப்பின கம்பெனி, செல் நெட்வொர்க்லயும் அதையே செய்யலாம்னு நம்பிச்சு. அமெரிக்காவுல வைமேக்ஸ் நெட்வொர்க் போட்ட கிளியர்வயர்ல 2006ல 60 கோடி டாலர், 2008ல இன்னும் 100 கோடி டாலர் போட்டுச்சு. எதிர்ல இருந்த எல்டிஇ-யோட முதல் வடிவமான ரிலீஸ் 8 முடிவானதே 2008 கடைசியிலதான். வைமேக்ஸுக்கு மூணு வருஷ லீட்!

டெக்னிக்கலா பார்த்தா ரெண்டுக்கும் அடிப்படை ஓஎஃப்டிஎம்தான். அப்லிங்க்ல எல்டிஇ எஸ்சி-எஃப்டிஎம்ஏ வெச்சதால ஃபோனோட பவர் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை குறைவு. நல்ல விஷயம்தான், ஆனா அது ஒண்ணே மூணு வருஷ லீடை அழிச்சிருக்காது. முடிவு பண்ணினது ஆபரேட்டர்கள். உலகத்துல பெரும்பாலானவங்க ஜிஎஸ்எம் குடும்பம். எல்டிஇ அந்தக் குடும்பத்தோட அடுத்த பிள்ளை. கவரேஜ் இல்லாத இடத்துல ஃபோன் பழைய 3ஜி-க்கு இறங்கிக்கலாம். வைமேக்ஸ்னா பக்கத்துலயே புதுசா இன்னொரு வீடு கட்டணும்.

இங்கதான் குவால்காம் வருது. அவங்களுக்கும் யுஎம்பி-னு சொந்தமா ஒரு 4ஜி இருந்தது. ஆனா 2007 நவம்பர்ல, அவங்களோட சிடிஎம்ஏ கோட்டையான வெரைசானே எல்டிஇ பக்கம் போறதா அறிவிச்சிடுச்சு. ஒரு வருஷம் கழிச்சு, 2008 நவம்பர்ல, குவால்காம் யுஎம்பி-யை நிறுத்திட்டு எல்டிஇ-ல இறங்கிச்சு. பெத்த பிள்ளையை விடறதுக்கு அந்தத் தைரியம் எங்கேர்ந்து வந்தது? ஓஎஃப்டிஎம் பேட்டன்ட் வெச்சிருந்த ஃப்ளாரியனை 2006லேயே வாங்கி வெச்சிருந்தாங்க. எந்த ஸ்டாண்டர்ட் ஜெயிச்சாலும் ராயல்டி கேட்கற இடத்துல உட்கார்ந்தாச்சு.

நம்ம நாட்டுலயும் இந்தச் சண்டை நடந்தது. 2010 பிராட்பேண்ட் ஸ்பெக்ட்ரம் ஏலத்துல, செல் சேவையே நடத்தாத குவால்காம் டெல்லி, மும்பை, ஹரியானா, கேரளா வட்டங்களை ஏறக்குறைய 4,900 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த அலைவரிசையில வைமேக்ஸும் ஓடும், டிடி-எல்டிஇ-யும் ஓடும். எல்டிஇ பக்கம் சாய வைக்கத்தான் அந்தக் காசு. 2012ல கொல்கத்தாவுல ஏர்டெல் நாட்டோட முதல் 4ஜி-யைத் தொடங்கினப்போ அது டிடி-எல்டிஇ. குவால்காமோட அந்த ஸ்பெக்ட்ரமும் பிறகு ஏர்டெல் கைக்கே போச்சு.

இன்டெல் அப்புறம் இன்ஃபினியானோட மோடம் பிரிவை வாங்கி, ஐபோன்குள்ள வரைக்கும் போனது. ஆனா 2019 ஏப்ரல்ல ஆப்பிளும் குவால்காமும் வழக்கை முடிச்சுக்கிட்ட அதே நாள், 5ஜி ஃபோன் மோடத்தை விட்டு வெளியேறுறதா அறிவிச்சிடுச்சு. அதுல பெரும்பகுதியை ஆப்பிள் 100 கோடி டாலருக்கு வாங்கிச்சு. ஆப்பிளோட சொந்த மோடம் ஒரு ஐபோன்ல வர்றதுக்கு 2025 ஆயிடுச்சு. காசு கொட்டிக் கிடக்கற கம்பெனிக்கே இந்த நிலைமை.

"அப்போ குவால்காம்தான் ஹீரோவா?"ன்னு கேட்பீங்க. அப்படிச் சொல்லமாட்டேன். அவங்க பேட்டன்ட் லைசென்ஸ் முறைக்கு 2016ல தென்கொரியா 1 லட்சம் கோடி வோனுக்கு மேல அபராதம் போட்டது. அமெரிக்காவுல 2019ல கீழ்க் கோர்ட் அவங்களுக்கு எதிராத் தீர்ப்பு சொன்னது, 2020ல மேல் கோர்ட் அதை மாத்திடுச்சு. ஆட்ட விதியை எழுதற மேசையில இருக்கறவங்களுக்கு எவ்வளவு பலம்னு இதுலயே தெரியுது.

அந்த மேசைக்கு நாமும் போகலாம். கிராமங்களுக்கு டவர் கவரேஜ் தூரம் அதிகமா கிடைக்கணும்னு ஐஐடி மெட்ராஸும் ஐஐடி ஹைதராபாத்தும் சேர்ந்து உருவாக்கின 5ஜிஐ, தனி ஸ்டாண்டர்டா நிக்காட்டியும் 3ஜிபிபி ரிலீஸ் 17ல சேர்ந்தது. பெரிய வெற்றின்னு சொல்லமுடியாதுதான். ஆனா நம்ம ஊர் தேவை உலக ஸ்டாண்டர்டுக்குள்ள போயிருக்கு.

என் பேட்ச் கதை முடிஞ்சது. ஃபைனல் இயர்ல பாதிப்பேர் ஆஃபர் லெட்டர் வாங்கியாச்சு, எதுலயும் ரேடியோ-ங்கற வார்த்தையே இல்ல. எங்கள்ல ஒருத்தர்கூட 3ஜிபிபி டாக்குமென்ட் ஒண்ணைத் திறந்து பார்த்ததில்ல, அது எல்லாமே நெட்ல இலவசமா கிடைக்குதுன்னு தெரியவே தெரியாது. ஜூனியர்ஸ், உங்களுக்கு டைம் இருக்கு. 6ஜி-க்கான ஆய்வு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு சின்ன கோரிக்கை: அந்த 13 மார்க் கேள்வி இருக்கட்டும். அது கீழ "இது ஏன் தோத்தது?"ன்னு இன்னொரு வரி மட்டும் சேருங்க. அதுக்கு அந்த 11 மார்க் எனக்குக் கிடைச்சிருக்காது. ஆனா படிச்சிருப்பேன்.