கடல் காற்று காப்பாற்றாது

நவம்பர் பிறந்தால் போதும், நம் வீட்டுத் தொலைக்காட்சியில் டெல்லியின் புகை படரத் தொடங்கிவிடும். அதைப் பார்க்கும் சென்னைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "நமக்குக் கடல் இருக்குப்பா. சாயங்காலம் ஒரு காத்து அடிச்சா எல்லாம் போயிடும்."

எங்கே போய்விடும்? கடல் காற்று எதையும் அழிப்பதில்லை, தள்ளிவிடுகிறது. எண்ணூர், மணலிப் புகைபோக்கிகள் கக்குவது உள்நாட்டுப் பக்கம் நகர்கிறது. அங்கிருப்பவர்களும் மூச்சு விடுகிறவர்கள்தான். பொழுது சாய்ந்தபின் அந்தக் காற்றும் அடங்கிவிடும். பகலில் தடுத்து வைத்த கனரக லாரிகள் ஊருக்குள் நுழைவது அதற்குப் பிறகுதான். குளிர்காலத்தில், தரையை ஒட்டிய காற்று அசையாத இரவுகளில், புகை நம்மோடுதான் தங்குகிறது. போகியன்று விடியற்காலையில் கடல் எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

"டெல்லி அளவுக்கு இல்லையே" என்பது அடுத்த வாதம். இல்லைதான். ஆனால் 2024-இல் லான்செட் குழும இதழொன்றில் வந்த ஆய்வைப் பாருங்கள். பத்து இந்திய நகரங்களின் 2008 முதல் 2019 வரையான இறப்புப் பதிவுகளை அது அலசியது. நுண்துகள், அதாவது பி.எம். 2.5, ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் டெல்லியில் அன்றாட இறப்பு 0.31 சதவீதம் உயர்கிறது, சென்னையில் 1.28 சதவீதம். ஏற்கெனவே நஞ்சில் ஊறிய ஊரைவிட, ஓரளவு தெளிந்த காற்றுள்ள ஊரில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு துளியும் அதிகம் தாக்குகிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 இறப்புகளை இந்தத் துகளின் கணக்கில் அந்த ஆய்வு எழுதியிருக்கிறது. அந்தச் சாவுகளை எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது. மாரடைப்பு, பக்கவாதம் என்ற பெயரில் அவை பதிவாகிவிடுகின்றன.

இருமல் வந்தால்தானே மாசு என்ற நினைப்பும் நமக்கு உண்டு. ஆனால் இத்துகள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் இறங்குகிறது. டெல்லியிலும் சென்னையிலும் சுமார் 12,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடுதலாக உள்ள இடத்தில் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 22 சதவீதம் அதிகம் என்றது. நாமோ சர்க்கரை வந்தால் சோற்றைத் திட்டுகிறோம்.

நம் மெத்தனத்துக்கு அரசின் அளவுகோலும் துணை. பி.எம். 2.5-இன் ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் காற்றுத் தரக் குறியீடோ 30 வரை "நல்லது" என்று பச்சை காட்டுகிறது. 60 வரை "திருப்திகரம்" என்கிறது. யாருக்குத் திருப்தி?

ஆலந்தூர், மணலி, வேளச்சேரி கண்காணிப்பு நிலையங்களின் பதிவை இணையத்தில் யாரும் பார்க்கலாம். நிறத்தை நம்பாதீர்கள், பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள். ஒரு நாள் சராசரி 15-க்கு மேல் இருந்தால், உங்கள் மாநகராட்சி உறுப்பினர் அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள்.